பத்தாவது சொல்லுக்கு ஆள் இல்லை

"பதினோரு வருஷமா அவனை எண்ணுனியே. அப்ப கடவுளுக்குக் காது கேட்டுச்சு. இப்ப ஒரு காகிதம் வந்ததும் அடைச்சுக்கிச்சா?"

"மல்கா, கத்தாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! அம்மாவைப் புதைச்சு மூணு மாசம்கூட ஆகல அவனுக்கு."

"தீர்ப்பு எழுதுனது நானா? நான் வெறும் கதவு திறக்குறவன்."

"அப்ப திற. எதுக்குச் சாத்துற?"

பக்கத்து வீடு என்னுடையதுதான். ஆராத் ஊரில் எங்கள் குடியிருப்புச் சுவர்கள் மெல்லியவை. மெனாஷே எங்கள் ஜெபக்கூடத்தைக் கவனித்துக்கொள்பவர். மல்கா அவர் மனைவி. சண்டை ரூபெனைப் பற்றி.

ரூபெனின் அம்மா கிராசியேலா, கல்யாணத்துக்கு முன் அர்ஜென்டினாவில் யூத மதத்துக்கு மாறியவர். அறுபது வருஷம் வெள்ளிக்கிழமை விளக்கேற்றத் தவறாதவர். போன வாரம் ரூபெனின் தங்கை மகள் கல்யாணத்தைப் பதியப் போனாள். மத நீதிமன்றம் பாட்டியின் பழைய காகிதங்களைக் கேட்டது. அவரை மதம் மாற்றிய ரபிகளை, அந்த மதகுருக்களை, ஏற்க முடியாது என்று எழுதிவிட்டது. அம்மா யூதர் இல்லையென்றால் பிள்ளைகளும் யூதர் இல்லை.

வெள்ளிக்கிழமை சண்டை மும்முரத்தில், ஜெபக்கூட ஹீட்டர் தானாக ஓட நேரம் வைக்க மெனாஷே மறந்துவிட்டார். அன்று மாலை எங்கள் ஓய்வுநாளான சபத்து தொடங்கிய பிறகு நாங்கள் சுவிட்சைத் தொடுவதில்லை.

மறுநாள் காலை ஜனவரிக் குளிர். இறந்தவருக்கான ஜெபம் சொல்லப் பத்து யூத ஆண்கள் வேண்டும். மனிதர்களை எண்களால் எண்ண மாட்டோம். பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்வோம். மெனாஷேயின் விரல் ரூபெனைத் தாண்டிப் போனது. பத்தாவது சொல் அவர் வாயிலேயே நின்றது.

"குளிருல என் பல்செட்டு தனியா ஜெபம் பண்ணுது" என்றார் கிழவர் ஷிம்ஷோன்.

யூதர் அல்லாதவர் ஹீட்டரைப் போடலாம். ஆனால் போடச் சொல்லிக் கேட்கக்கூடாது, குறிப்பாகத்தான் உணர்த்த வேண்டும். மெனாஷே ரூபென் பக்கத்தில் போய் நின்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பப்பா, என்ன குளிரு! ஹீட்டர் ஓடுனா நல்லாத்தான் இருக்கும்."

"என்கிட்டயா சொல்ற?"

"பொதுவா சொன்னேம்ப்பா."

"எண்ணும்போது உன் கண்ணுக்கு நான் தெரியல. சுவிட்சு போட மட்டும் தெரியுறேனா?" ரூபென் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். "எனக்கும் இன்னைக்கு சபத்துதான் மெனாஷே."

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பத்தாவது ஆள் வரவில்லை. அவரவர் ஜெபத்தை முணுமுணுத்து முடித்தோம். அப்போது ரூபென் எழுந்தான். அம்மாவுக்கான ஜெபத்தைச் சத்தமாகச் சொன்னான். நடுநடுவே நாங்கள் 'ஆமென்' சொல்ல வேண்டும். ஒன்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெண்கள் பகுதியின் திரைக்குப் பின்னாலிருந்து மல்கா மட்டும் "ஆமென்" என்றாள். அவளை எந்த நாளும் யாரும் எண்ணியதில்லை.

அதன்பின் ரூபென் வரவில்லை. நாங்களும் தினமும் ஒன்பது பேராகத்தான் இருக்கிறோம்.

அந்த ஒன்பது பேரில் நான் ஒருவன். ஆமென் என் தொண்டைவரை வந்தது, சொல்லவில்லை. என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா? எனக்கு ஆறுதல் வேண்டாம். உண்மையை எழுதுங்கள்.