தராமல் விட்ட தொப்பி

"உன்ர எழுத்து வடிவோ, பெட்டை?" என்று ஏக்னஸ் டன்பார் கேட்டபோது ஷெரோன் குளியலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவளிடம் எழுத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஏக்னஸுக்கு வயது அறுபத்தெட்டு, கை நடுக்கம். மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் தனியாக இருந்த அவளுக்குச் சமைத்துத் துடைத்துக் கொடுக்க ஷெரோன் கிழமையில் மூன்று நாள் வருவாள். தாய் பிடித்துக் கொடுத்த வேலை அது.

ஏக்னஸின் தகப்பன் வில்லி, இரண்டு போர்களுக்கும் இடையில் ஸ்கொட்லாந்தில் சம்பளத்துக்கு உதைபந்து ஆடியவர். இடது ஓரத்தில் ஓடினால் பிடிக்க ஆளில்லை என்று பேர். நாட்டுக்காக ஒரே ஒருமுறை, பிரான்சோடு ஆடினார். நாட்டுக்கு ஆடியவருக்குத் தொப்பி கொடுப்பது அங்கத்தைய வழக்கம். அதுவும் அந்தக் காலத்தில் இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்தோடு ஆடினால்தான். வில்லிக்குக் கிடைத்தது வெறும் கைகுலுக்கல். முழங்கால் போனதும் கழகம் கைகழுவிவிட, மொன்ட்ரியாலுக்குக் கப்பலேறினார். தொழிற்சாலை வேலையும், நொண்டி நொண்டியாவது ஆட அதன் அணியில் ஓர் இடமும் கிடைத்தன. சாகும்வரை அந்தத் தொப்பியைச் சொல்லியே வீட்டாரை வதைத்தார்.

இப்போது, எழுபது வருடம் கழித்து, விடுபட்டவர்களின் குடும்பங்களுக்கு ஸ்கொட்லாந்து உதைபந்துச் சங்கம் தொப்பி கொடுக்கப்போகிறதாம். படிவம் வந்திருந்தது.

"அந்தாளின்ர வாயை அம்மா தாங்கினவ. பேந்து நான் தாங்கினன். எனக்குத்தான் வரவேணும்."

"வந்தால் என்ன செய்வீங்கள்?"

"தலையில போட்டுக்கொண்டு குப்பை கொட்டப் போவன்."

ஏக்னஸ் விபரம் சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தாள். 'பிள்ளைகள் அனைவரின் பெயர்கள்' என்ற இடத்தில் ஷெரோனின் பேனா நின்றது. கிரீனொக் என்ற ஊரில் வில்லி முதல் மனைவியையும் ரொபேர்ட் என்ற மகனையும் கைவிட்டு வந்ததை ஏக்னஸ் ஒருநாள் கோபத்தில் கொட்டியிருந்தாள்.

கனடாவுக்கு வரும்போது, தலை குறைந்தால் அலுவல் கெதியாக முடியும் என்று ஷெரோனின் தகப்பன் மூத்தவள் றோசாவைப் படிவத்தில் எழுதாமல் விட்டார். பிறகு கூப்பிட வழியில்லை. எழுதாத பிள்ளை குடும்பத்தில் இல்லை என்று குடிவரவு அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். றோசா மன்னாரிலேயே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து எந்தப் படிவத்தைக் கண்டாலும் தாய் செலீன், "ஒருத்தரையும் விடாதை பிள்ளை, செத்ததையும் எழுது" என்பாள்.

ஷெரோன் ரொபேர்ட்டை, ஊரோடு, வடிவாக எழுதினாள். ஏக்னஸ் கண்ணாடியைத் தேடாமலே கையெழுத்து வைத்தாள்.

பனி கரையும்போது கடிதம் வந்தது. தொப்பியை மூத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்களாம். கூடவே ஒரு படம்: எண்பது வயதுக் கிழவர், தலைக்குச் சின்னதான தொப்பியைச் சரித்து வைத்துக்கொண்டு சிரிக்கிறார். ஏக்னஸுக்கு அதே மூக்கு.

"இவனை ஆர் தேடிப் பிடிச்சது?"

"நான்தான் எழுதினன்."

"ஏன்?"

"கேட்டிருந்தவை."

"கேட்டால்? பக்கத்து வீட்டு நாயையும் எழுதுவியோ? ஒருநாளாவது இவன் அந்தாளிட்ட ஏச்சு வாங்கினவனோ?"

ஷெரோன் நிலத்தைப் பார்த்தபடி, "அவருக்கு ஏச்சுக்கூடக் கிடைக்கேல்லைத்தானே" என்றாள்.

ஏக்னஸின் முகம் வெளிறிற்று. படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மாட்டச் சொல்லு, வேற ஆளை அனுப்பச் சொல்லி."

றோசாவின் பெயர் ஷெரோனின் நாக்கு நுனிவரை வந்தது. சூப் கொதித்த அடுப்பை அணைத்தாள். சாவியை மேசையில் வைத்தாள். சப்பாத்தை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.