டோரதி டீச்சரின் வீட்டுக்காரர்

கால் கிலோ கத்தரிக்காய் வாங்க ஸ்தனிஸ்லாஸுக்குக் கால் மணி நேரம் வேண்டும். எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், வைப்பார், அப்புறம் அதையே மறுபடி எடுப்பார். திருவெறும்பூர் சந்தையில் அவர் தலையைக் கண்டாலே காய்க்காரர்கள் சிரித்தபடி தராசைக் கீழே வைத்துவிடுவார்கள். துப்பாக்கித் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மேசைக்குப் போன காகிதம் சீக்கிரம் திரும்பாது என்று அங்கேயும் பேர் வாங்கியிருந்தார்.

அவர் மனைவி டோரதி அப்படியல்ல. கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை. வராண்டாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்புகள் அடங்கும். வீட்டுக்கு என்ன பெயின்ட் அடிப்பது, மகள் ஜாஸ்லினை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, ஞாயிற்றுக்கிழமை என்ன கறி எடுப்பது, எல்லாவற்றிலும் அவள் வைத்ததுதான் சட்டம். "இவரைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா பொழுது சாஞ்சிடும்" என்று அவர் எதிரிலேயே சொல்வாள். அவரும் ஆமாம் என்பது போலச் சிரித்துக்கொள்வார்.

ஆவணியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கிரகப்பிரவேசம். டோரதியோடு பல வருஷம் வேலை பார்த்த தமிழாசிரியை கோதை, அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியிருந்தார். கணவனும் மனைவியும் பஸ் மாறிப் போய் இறங்கினார்கள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மூன்று மாடி ஏறியதும் டோரதி கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தாடை வலித்தது. பல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

பந்தியில் கோதையே வந்து பரிமாறினார். "டோரதி, தளிகையில அக்காரவடிசல் சேக்கச் சொன்னதே உனக்காகத்தான். வெக்கப்படாம கேட்டுச் சாப்பிடு."

நெய் மின்னிய அக்காரவடிசல் இலையில் அப்படியே இருந்தது. டோரதிக்கு வயிற்றைப் புரட்டியது. முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. பக்கத்து இலையில் ஸ்தனிஸ்லாஸ் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லைங்க. வெயில்ல வந்தது. வாயுவா இருக்கும். கோதைகிட்ட எதுவும் சொல்லாதீங்க, நல்ல நாள் அதுவுமா."

அவர் தன் இலையை மூடிவிட்டு எழுந்தார். பாதிச் சாப்பாட்டில் அவர் எழுந்து டோரதி பார்த்ததே இல்லை.

கீழே வந்து ஆட்டோவில் ஏறியதும், "திருவெறும்பூர் போங்க" என்றாள் டோரதி.

"இல்ல. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க விடுங்க தம்பி" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"என்னங்க நீங்க! வீட்டுக்குப் போய் ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போங்க தம்பி."

குரல் உயரவில்லை. ஆனால் அவர் பேச்சில் எப்போதும் இருக்கும் அந்தத் தயக்கம் அதில் இல்லை. டிரைவர் வேறு பேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினார்.

அது சின்ன ஆஸ்பத்திரி. பணியில் இருந்த டாக்டர் இளம் பெண். வந்ததும் ஈசிஜி எடுத்தார். நீளக் காகிதத்தைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல பெருசா ஒண்ணும் தெரியல சார். அசிடிட்டியாக்கூட இருக்கலாம். ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம்" என்றார்.

"நான்தான் சொன்னேனே" என்று டோரதி கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினாள்.

ஸ்தனிஸ்லாஸ் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "டாக்டர், எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. ஆனா இவளைத் தெரியும். இனிப்பை இலையில வச்சுட்டு எழுந்திரிக்கிற ஆளு இல்ல. மாடிப்படி ஏறும்போது என் கையைப் பிடிச்சா. கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படிப் பிடிச்சதில்ல. இன்னொரு தடவை எடுத்துப் பாருங்களேன்."

"மானத்தை வாங்காதீங்க" என்று டோரதி பல்லைக் கடித்தாள். தான் அவர் கையைப் பிடித்தது அவளுக்கே நினைவில்லை.

டாக்டர் அவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க சொல்றது நியாயம்தான் சார். சில பேருக்கு முதல் ஈசிஜியில தெரியாது. அம்மா, நீங்க படுங்க. கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுக்கலாம்."

இரண்டாவது காகிதம் வெளியே வந்தபோது டாக்டரின் கை வேகமாயிற்று. மாத்திரைகளைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். ஆம்புலன்ஸை அழைத்தார். டவுனில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குத் தானே போன் போட்டு, மாரடைப்பு, உடனே தயாராக இருங்கள் என்று சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் டோரதி முதலில் கணவரைத்தான் பார்த்தாள். பயந்துபோயிருப்பார் என்று நினைத்தாள். அவர் குனிந்து அவள் செருப்பை எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. சைரன் அலறிக்கொண்டே இருந்தது. டோரதியின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்தபடி ஸ்தனிஸ்லாஸ் ஏதோ முணுமுணுத்தார். ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தாள். காது கொடுத்துக் கேட்டபோது, "பாலம் முடியப் போகுது, இதோ முடியப் போகுது" என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை.

மிச்சத்தைச் சென்னையிலிருந்து ஓடிவந்த ஜாஸ்லின் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். மருத்துவமனை வாசலிலேயே இதயம் ஒரு தடவை நின்றுவிட்டதாம். மின்சார அதிர்ச்சி கொடுத்து ஓட வைத்தார்களாம். உடனே உள்ளே கொண்டுபோய், அடைத்திருந்த ரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்களாம். சீக்கிரம் கொண்டுவந்ததால்தான் பிழைக்க முடிந்தது என்று பெரிய டாக்டர் சொன்னாராம்.

"அப்பா என்ன பண்ணாரு?" என்று டோரதி கேட்டாள்.

"கையெழுத்து கேட்ட இடத்துல எல்லாம் போட்டாரும்மா. ஒரு வரிகூடப் படிக்கல. நம்ம அப்பா! ஒரு பேப்பரைப் படிக்காம கையெழுத்துப் போட்டாரு."

சொல்லும்போதே ஜாஸ்லின் அழுதுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்றாள் ஜாஸ்லின். "வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் அவர். ஆனாலும் ஜாஸ்லின் சென்னைக்குக் கிளம்பிய மறுநாள் காலையே அடுப்படிக்குள் போய்விட்டார்.

முதல் சாம்பார் கடலைப்பருப்பில்தான் வந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டே டோரதி அதிகாரம் பண்ண, அவர் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடையாய் நடந்தார். "கடுகு வெடிச்சதும் என்ன போடணும்னு சொன்ன?" "எத்தனை தடவைங்க கேப்பீங்க!" "தப்பாப் போட்டா நீதானே சாப்பிடணும்?" ஊறுகாய் ஜாடிகளும் கருவாட்டு டப்பாவும் பக்கத்து வீட்டு அம்மாசியக்காவிடம் போய்ச் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கறி போய், பேருக்கு எண்ணெய் விட்ட மீன் குழம்பு வந்தது. எல்லாவற்றிலும் பாதி உப்பு. அதையே அவரும் சாப்பிட்டார்.

"உங்களுக்கு என்ன வந்துது? உப்புப் போட்டுச் சாப்பிடுங்களேன்."

"ஒரு குழம்பு வைக்கவே மத்தியானம் ஆயிடுது. இதுல எனக்குத் தனியா வேற வைக்கணுமா?"

காலையில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷமும் எங்கே போனாலும் டோரதி பத்தடி முன்னால் போவாள். பின்னால் வருகிறவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்து "வாங்களேன்" என்று சலித்துக்கொள்வாள். இப்போது தெருமுனை வரை போவதற்கே நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. அவள் நிற்கிற இடத்திலெல்லாம் தானும் நின்று, யார் வீட்டு முருங்கை காய்த்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். நின்றது அவளுக்காகத்தான் என்று அவள் நினைக்கவே இடம் கொடுக்க மாட்டார்.

டோரதிக்குப் பயம்தான் பெரும்பாடாக இருந்தது. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடப் பயம். நெஞ்சில் எங்கே சுருக்கென்றாலும் உடம்பெல்லாம் குளிர்ந்துவிடும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "ஒண்ணும் ஆகாது டீச்சர், தைரியமா இருங்க" என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது. ஒரு மத்தியானம் அப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்தனிஸ்லாஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். எங்கே வலிக்கிறது, தாடைக்குப் போகிறதா, வேர்க்கிறதா என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி நிதானமாகக் கேட்டார். வலி தானாக அடங்கியது. அதன் பிறகும் அவர் எழுந்து போகவில்லை.

"பயமா இருக்கா?"

"ஆமாங்க."

"எனக்கும்தான்" என்றார்.

டோரதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். யாரும் சொல்லாததை அவர் சொல்லியிருந்தார். அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

டாக்டர் அனுமதித்ததும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். போன முதல் வாரத்திலேயே பழைய டோரதி ஆகிவிட்டாள். பத்தாம் வகுப்பு மாலை வகுப்பு, பெற்றோர் கூட்டம், சாப்பாட்டு நேரத்திலும் போன். ஒருநாள் மாலை வகுப்புக்குக் கிளம்பியபோது, உதவித் தலைமையாசிரியை ஜீனத் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், மாலை வகுப்பெல்லாம் இனிமே நாங்க பிரிச்சு எடுத்துக்கறோம். நீங்க வீட்டுக்குப் போங்க."

"யாரு சொன்னது உனக்கு?"

ஜீனத் தயங்கினாள். "சார் வந்திருந்தாரு மேடம். நேத்து. வெளியிலயே ரொம்ப நேரம் நின்னுக்கிட்டிருந்தாரு. நான் பாத்துட்டுத்தான் உள்ள கூப்பிட்டேன்."

டோரதி கொதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே தொடங்கினாள். "என் ஸ்கூலுக்கு வந்து பேச நீங்க யாரு? ஸ்டாஃப் முன்னாடி நான் என்ன நோயாளியா? ஒரு கத்தரிக்காய் வாங்கத் தெரியாது, எனக்கு வேலை குறைக்க வந்துட்டீங்க!"

அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "தப்புதான். உங்கிட்டதான் முதல்ல கேட்டிருக்கணும். கேட்டா வேணாம்பன்னு தெரியும். அதான் கேக்கல."

"இனிமே அங்க வராதீங்க."

"வரல. ஆனா நீ சாயங்காலம் நேரத்தோட வீட்டுக்கு வரணும் டோரதி. அந்த வாசல்ல நான் பார்த்ததை நீ பார்க்கல. அதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது."

மருத்துவமனை வாசலைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதலும் கடைசியும். டோரதி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். மறுநாள் ஜீனத்தைக் கூப்பிட்டு மாலை வகுப்பின் பொறுப்பை அவளிடமே கொடுத்துவிட்டாள். அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜீனத்தின் கையில் நன்றாகவே தேறினார்கள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது டோரதிக்கு.

அடுத்த ஆவணிக்குள் தெருமுனை நடை, மலைக்கோயில் அடிவாரம் வரைக்கும் நீண்டுவிட்டது. பரிசோதனைக்குப் போனபோது இதயம் ரத்தத்தை நன்றாகத் தள்ளுகிறது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். பிறகு ஸ்தனிஸ்லாஸ் பக்கம் திரும்பி ஓர் உதவி கேட்டார். வெளியே ஹாலித் என்று ஒருவர் மனைவி ஷஹனாஸோடு உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பெண்ணுக்குப் போன வாரம்தான் ஸ்டென்ட் வைத்தது, மனிதர் ஒடிந்துபோயிருக்கிறார், நீங்கள் ரெண்டு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்றார்.

"நானா? எனக்குப் பேச வராதே டாக்டர்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். ஆனாலும் போய் அந்த இளைஞரின் பக்கத்தில் உட்கார்ந்தார். டோரதி எதிர் பெஞ்சில் ஷஹனாஸின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"சமைப்பீங்களா?" என்று ஹாலித்திடம் கேட்டார் ஸ்தனிஸ்லாஸ்.

"டீ போடுவேன் அண்ணே."

"அது போதும். மத்தது வந்துடும். உப்புக் குறைச்ச குழம்பு முதல்ல நல்லாவே இருக்காது. நீங்களும் அதையே சாப்பிடுங்க. அவங்க மட்டும் தனியா சாப்பிட்டா தண்டனை மாதிரி இருக்கும்."

ஹாலித் தலையைக் குனிந்துகொண்டார். "தூங்கும்போது மூச்சு வருதான்னு கையை வச்சுப் பாக்கறேன் அண்ணே. இந்தப் பயம் எப்பப் போகும்?"

ஸ்தனிஸ்லாஸ் வழக்கம்போல நெடுநேரம் யோசித்தார். "எனக்கு இன்னும் போகல தம்பி. நானும் தினம் பாக்கறேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், நாம எழுந்து கஞ்சி வைக்க வேண்டியதுதான்."

டோரதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வருஷமாகப் பக்கத்தில் படுத்திருந்தும் அவளுக்கு இது தெரியாது. ஷஹனாஸ் அவள் கையைத் தொட்டு, "உங்க வீட்டுக்காரருங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றாள் டோரதி. அந்த ஒரு சொல்லில் இருந்த பெருமை அவளுக்கே புதிதாக இருந்தது. "கவலைப்படாத. இவரே கத்துக்கிட்டாரு. உங்க வீட்டுக்காரரும் கத்துக்குவாரு."

கிளம்பும்போது ஸ்தனிஸ்லாஸ் நேராக லிஃப்ட் பக்கம் நடந்தார். டோரதி அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்கு பிரஷர், சுகர் எல்லாம் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன். அடுத்த மாசம் பாத்துக்கலாமே. சாப்பிடாம வேற வரணும்னு சொல்வாங்க. யோசிச்சு..."

"காலையில நடந்து முடிச்சு நேரா இங்கதானே வந்தோம். நீங்க இன்னும் ஒண்ணும் சாப்பிடல. வாங்க."

ரத்தம் எடுக்கிற இடத்தில் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். ஊசி என்றால் ஸ்தனிஸ்லாஸுக்குச் சின்ன வயசிலிருந்தே நடுக்கம். அவர் சட்டைக் கையை மடிப்பதும் இறக்கிவிடுவதுமாக இருந்தார். டோரதி அவசரப்படுத்தவில்லை. அவருக்கு முந்திக்கொண்டு போய் நிற்காமல், தோளோடு தோள் ஒட்டி வரிசையில் நின்றாள்.