எல்லம்மாவின் பறி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை, ஒரு படிவத்தில் பென்சிலால் போட்ட சின்னக் கோட்டிலிருந்து பிறந்தது. வருஷம் 1983. கோட்டைக்குப்பத்தில் மீனவப் பெண்களுக்கு ஒரு சங்கம் வரப்போகிறது, ஐஸ் பெட்டி தரப்போகிறார்கள். ஆனால் தொழில் செய்யும் பெண்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலை எழுத சுப்பராயலு என்றொரு வாத்தியார் வருகிறார்.

2

பழவேற்காடு ஏரியின் மீது பொன்னிற வெயில் மெல்லப் படர்ந்து (வேண்டாம். எல்லம்மாவுக்கு வெயில் முதுகில் சுட்டது, அவ்வளவுதான்.)

எல்லம்மா இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறாள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியை, அந்தச் சின்ன ஓலைக் கூடையை, பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறாள். காலையிலிருந்து பிடித்ததெல்லாம் அதற்குள். ஐஸ் பெட்டி மட்டும் கிடைத்தால் இறால் மத்தியானத்துக்குள் கெட்டுப்போகாது, கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். ஒரு மாதமாக அவளுக்கு இதே நினைப்பு.

கரையில் அவள் புருஷன் மாசிலாமணி வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

"உன் சம்சாரத்துக்கு என்னப்பா தொழில்?" என்றார் வாத்தியார்.

"தொழிலா? அத்த நான் வேலைக்கெல்லாம் அனுப்பல சார். வூட்லதான் கீது."

"அதோ, தண்ணியில நிக்குதே?"

"அது சும்மா எறால் தடவுது சார். அதெல்லாம் இன்னா வேலை?"

(மாசிலாமணியை வில்லனாக்கிப் பார்த்தேன். மனசு வரவில்லை. பொண்டாட்டியை உட்காரவைத்துச் சோறு போடுகிறோம் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.)

எல்லம்மாவின் காதில் விழுந்தது. வாயைத் திறந்தால் பறி போய்விடும்.

3

முடிவு ஒன்று: திறக்கிறாள். "நானும் தொழில்தான் சார் பண்றேன்!" பறி கவிழ்கிறது. (கைதட்டு வாங்கும். அன்றைக்கு அரிசி யார் வாங்குவது?)

முடிவு இரண்டு: வாத்தியாரே புரிந்துகொண்டு... (இல்லை. அவர் புரிந்துகொள்ளவில்லை. எனக்குத் தெரியும். சுப்பராயலு என்பது நான் வைத்த பெயர். அந்த வாத்தியார் நான்தான்.)

நடந்தது இதுதான். கடித்த பல்லோடு அவள் "ம்ம்! ம்ம்!" என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். வணக்கம் சொல்கிறாளாக்கும் என்று நானும் தலையாட்டிவிட்டு, 'தொழில்' என்ற இடத்தில் கோடு போட்டேன். அவள் பிடித்த இறால் கப்பலேறி, நாட்டின் வளர்ச்சிக் கணக்கில் சேர்ந்தது. அவள் சேரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4

இந்தக் கதையில் அந்தப் பென்சில் கோட்டை அழித்துவிட்டேன். ஆனால் நானே நிரப்பினால், மறுபடியும் அவளுக்காக வேறொருவர் சொன்ன பதிலாகிவிடும்.

பென்சிலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கரையில் நின்று கேட்காதீர்கள். தண்ணீரில் இறங்குங்கள். பறியை ஒரு நிமிஷம் அவளிடமிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டு, அப்புறம் கேளுங்கள்.

பெயர்: எல்லம்மா. ஊர்: கோட்டைக்குப்பம். தொழில்: