வரிசையில் நிற்காத குடம்

விழுப்புரத்துக்குக் குடிவந்த முதல் வாரமே அந்தத் தெரு எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. என்ன தெரு அது! கதவைத் திறந்தால் கேள்வி. "இன்னா கொழம்பு?" "வூட்டுக்காரருக்கு இன்னா சம்பளம்?" "தோடு எத்தினி கிராம்?" எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் என் மளிகைப் பையைப் பிரித்தே பார்த்தாள்.

அப்போது எனக்கு மூன்றாம் மாசம். முன்னே இரண்டு தங்கவில்லை. குடம் தூக்காதே, பஸ்ஸில் குலுங்காதே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இந்தத் தடவை என் வீட்டுக்காரரைத் தவிர ஒரு ஈ காக்கையிடம்கூட நான் மூச்சு விடவில்லை. அவருக்குக் காலை டியூட்டி. அதனால் நானே குழாயடிக்குப் போய் அரைக்குடம் அரைக்குடமாக எடுத்துவருவேன்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை, வரிசையில் வைத்த என் பச்சைக் குடத்தை யாரோ சுவரோரம் ஒதுக்கிவைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. "என் குடம் பட்டா தீட்டா?" என்று கத்தினேன். ஆளாளுக்குக் குழாயைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வந்துவிட்டேன். புதன்கிழமை குடம் வைத்த இடத்தில் இல்லவே இல்லை. போதுமடா சாமி என்று துணிப்பையோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன்.

வாசலிலேயே பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் மறித்தாள். இடுப்பில் என் பச்சைக் குடம், நிறைய இன்னும் ஒரு சொம்புதான் பாக்கி.

"பையோட எங்க கெளம்பிட்டே, அம்சா?"

"திண்டிவனத்துக்கு, எங்க அம்மா வீட்டுக்கு. என் குடத்தை ஒதுக்குற தெருவுல எனக்கென்ன வேலை?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பஸ்ல குலுங்கிக்கினு போற நேரமாம்மா இது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னாங்க?"

"நீ வாந்தி எடுக்கற சத்தம் நாலு வூட்டுக்குக் கேக்குது. இந்தத் தெருவுல உண்டானவ கொடம் வரிசையில நிக்காது. ஒதுக்கி வெச்சி, ஆளுக்கு ஒரு சொம்பு ஊத்தி, நாங்களே கொண்டாந்து குடுப்போம். நீ எங்க வுட்டே? புடுங்கிக்கினு ஓடிட்டே!"

"அதை வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"நீயே மூடி வெச்சிருக்கே. கண்ணு பட்டுடும்னு பயந்துக்கினு இருப்பே. நாங்க எப்பிடிம்மா கேக்கறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டின் கிராம்வரை கேட்ட தெரு, "விசேஷம் உண்டா?" என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்காத மனுஷர்கள் இவர்கள்தான். பாவி, இவர்களையா திட்டினேன்! பையைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதேன்.

கோவிந்தம்மாள் ஓடிவந்தாள். "இன்னா ஆச்சி?"

"மூணு மாசம்க்கா," என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

"அப்பிடியா! எனக்குத் தெரியவே தெரியாதே!" என்று வாயைப் பிளந்தாள். அவள் கையில், என் குடத்துக்கென்று கொண்டுவந்த சொம்புத் தண்ணீர் இருந்தது.