இடப்பக்கம் வளைந்த கம்பி

ஒழுகுகிற குழாயைச் சரிபண்ணப் போய் இப்படி ஈரக்குலை நடுங்கும் என்று யார் கண்டது?

எங்கள் குளியலறைக் குழாயில் ஒரு குமிழ் உண்டு. மேலே இழுத்தால் தண்ணீர் ஷவருக்கு ஏறும், அழுத்தினால் வாளிக்கு இறங்கும். கடைக்காரர் அதை டைவர்ட்டர் என்கிறார். கொஞ்ச நாளாகவே அது ஷவருக்குப் பாதி, வாளிக்குப் பாதி என்று பாகப்பிரிவினை செய்துகொண்டிருந்தது. குமிழின் கழுத்திலும் கசிவு. பிளம்பரைக் கேட்டால் "இதோ வந்துட்டே இருக்கேன்க்கா" என்பார். எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறாரோ! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபீசில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, வரும்போதே புது டைவர்ட்டர் வாங்கிவந்து, மெயின் வால்வை மூடிவிட்டு, ஸ்பானரோடு உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பின்னால் நின்று டார்ச் பிடித்தார்.

"பாத்தும்மா, செவுத்தையே பேத்து எடுத்துடாத."

"டார்ச்ச மட்டும் பிடிங்க. வாய்க்கு லீவு குடுங்க."

பழையது முரண்டு பிடித்து ஒருவழியாகக் கழன்றது. உள்ளே இருந்த கம்பியை எடுத்துப் பார்த்தேன். நேராக நிற்க வேண்டிய கம்பி இடப்பக்கமாக வளைந்திருந்தது. வாஷரும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பிய்ந்திருந்தது. யாரோ தினமும் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்திருக்கிறார்கள்.

"யாரு பண்ண வேலை இது? நீங்கதானே?"

"எதுக்கெடுத்தாலும் என் மேல ஏன் பாயுற? எனக்கு வாளியும் மக்கும் போதும். நான் ஷவர் பக்கமே போறதில்ல."

அதுவும் உண்மைதான். எங்கள் மகளுக்கும் வாளிதான். சேட்டை தாங்காமல் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். மிச்சம் இருப்பது அப்பா. முட்டிவலிக்காரர், ஸ்டூலில் உட்கார்ந்து ஷவரில் குளிப்பவர். அந்த ஸ்டூலுக்குப் பின்னால் பழைய துண்டைக் கிழித்த நாடா ஒன்று ஈரமாகக் கிடந்தது. துடைக்கிற துணி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் ஒரு முனையில் சுருக்கு. குமிழின் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

கையால் பிடிக்காமல் சுருக்கு மாட்டி ஏன் இழுக்க வேண்டும்? புதியதை மாட்டி, வால்வைத் திறந்துவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டேன். வாலுவைப் பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் அழைத்துக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"அப்பா, புதுசு போட்டுட்டேன். நீங்களே இழுத்துப் பாருங்க."

வலது கைக்காரரான அப்பா இடது கையை நீட்டினார்.

"வலது கையாலப்பா."

"எந்தக் கையா இருந்தா என்னம்மா? தண்ணி வந்தா சரி."

"வலது கையால இழுங்கப்பா!"

வலது கை மெல்ல ஏறியது. விரல்கள் குமிழைத் தொட்டன, ஆனால் மூடவில்லை. வழுக்கின. மறுபடி முயன்றார், மறுபடி வழுக்கின. தண்ணீர் வாளியில்தான் கொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நாளா இப்படி?"

"ரெண்டு மாசம் இருக்கும்மா. மரத்துப் போகுது, அவ்ளோதான். நீயே நிக்க நேரமில்லாம ஓடிட்டு இருக்க. இதையும் உன் தலையில ஏன் போடணும்னுதான்..."

அழுவதா திட்டுவதா என்று நான் திணறும்போதுதான் ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது. ஆக்ஸிலரேட்டர் வலது கையில் அல்லவா இருக்கிறது?

"ஐயோ, அப்பா! அந்தக் கையால வண்டிய எப்படி முறுக்குறீங்க?"

சீருடையோடு, வாய் நிறைய பிஸ்கட்டோடு வாசலில் நின்ற வாலுதான் பேசினாள்.

"தாத்தாவத் திட்டாதம்மா. முறுக்குறது நான்தான். நான் முன்னாடி நின்னு முறுக்குவேன், தாத்தா இடது கையால பிரேக் போடுவாரு. ஒரு தடவகூட விழல தெரியுமா!"

டார்ச் என் வீட்டுக்காரர் கையிலிருந்து வாளிக்குள் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"உன்ன விட்டுட்டுத் திரும்பி வரப்போ?" என்றார் அவர் மகளிடம்.

"வண்டிய ஸ்கூல் வாசல்லயே நிறுத்திட்டு நடந்து வந்துருவாரு. சாயங்காலம் என்னைக் கூப்பிட வரப்பவும் நடந்துதான் வருவாரு."

அந்த முட்டியோடு! பாவி நான், பகலெல்லாம் ஆபீசில் இருந்தேன், எதுவும் தெரியவில்லை.

"இவளக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றது ஒண்ணுதாம்மா எனக்கு வேலை. அதையும் விட்டுட்டா நான் எதுக்கு?" என்றார் அப்பா. கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, வாளியைப் பார்த்துச் சொன்னார்.

நான் கையை நீட்டினேன்.

"சாவியக் குடுங்கப்பா."

அவர் அசையவில்லை. என் வீட்டுக்காரர் கிண்டல் எதுவும் இல்லாமல் டாக்டருக்கு ஃபோன் போட்டார். வாலு வந்தாள். யாரும் சொல்லாமலே தாத்தாவின் வலது பக்கப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சாவியை எடுப்பதும் வைப்பதும் அவள் வேலையாம்.

பிறகு, தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். தினமும் செய்து பழகியவள் போலத்தான் செய்தாள்.

"நாளைக்கு நடந்தே போலாம் தாத்தா," என்றாள்.