கூட்டு ரோட்டில் முப்பத்திரண்டு முகங்கள்

தோற்றதற்காக மட்டும் என்றால் பீமாராவ் அவ்வளவு கொதித்திருக்க மாட்டார். ஆட்டம் என்றால் தோற்பதும் உண்டு. ஆனால் செஞ்சி தாலுகா அளவுக்குக்கூட ஜனம் இல்லாத ஒரு தீவு நாட்டிடம் தேசிய அணி மூன்று கோல் வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்ற அதே நாளில், அணியோடு போன பத்தொன்பது நிர்வாகிகள் அந்த ஊர்க் கடற்கரையில் இளநீர் குடித்தபடி போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள் பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பத்தொன்பது பேர்! ஆட்டக்காரர்களுக்குக் காலை நீவிவிடுகிற ஆளுக்கு விசா எடுக்க மறந்துவிட்டார்களாம். இந்தப் பத்தொன்பது தொப்பைகளுக்கு மட்டும் மறக்காமல் எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் போட்டோவில் பூப்போட்ட சட்டையோடு நடுநாயகமாக நின்றவர் தாண்டவராயன். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர், தேசியச் சங்கத்தின் செயற்குழுவிலும் உறுப்பினர். இரண்டு கல்யாண மண்டபமும் ஒரு பெட்ரோல் பங்கும் வைத்திருக்கிறார். அவர் காலால் பந்தைத் தொட்டார் என்று இந்த வட்டாரத்தில் ஒருத்தன்கூட சாட்சி சொல்ல மாட்டான். மூன்றாவது முறையாகப் போட்டியின்றித் தேர்வாகியிருந்தார். போட்டி எப்படி இருக்கும்? எதிர்த்து நிற்கப் பார்த்தவரின் கிளப்பையே முந்தின வாரம் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

பீமாராவுக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை. நாற்பத்தோரு வயது. கல்லூரி அணியில் இடதுபக்கம் ஆடியவர். அவர் கடைதான் 'நீலச்சட்டை ரசிகர் மன்ற'த்துக்கும் ஆபீஸ். அவரையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். தேசிய அணி எங்கே ஆடினாலும் கடைச் சுவரில் படம் விழும்படி செய்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகிற கூட்டம். ஆட்டம் நன்றாக இல்லை என்றுகூட அவர்கள் இதுவரை ஒரு வார்த்தை வெளியே சொன்னதில்லை. இந்த முறை ஆறவில்லை.

அதிலும் பீமாராவுக்குக் கூடுதலாக ஒரு வயிற்றெரிச்சல். அவருடைய அக்கா மங்கையின் மகள் சுவாதி கோல் கீப்பர். இருபத்துமூன்று வயது. பாய்ந்து விழுந்தால் மண் தெறிக்கும். பெண்கள் லீக்கை நடத்துகிறவர்களோடு போட்ட ஒப்பந்தம் முடிந்தது கூடத் தெரியாமல் தேசியச் சங்கம் தூங்கியதில், ஒன்பது மாதமாக அவளுக்கு ஆட்டமே இல்லை. தன் ஊரான சிங்கவரத்துக் களத்துமேட்டில் தன்னந்தனியாகச் சுவரில் பந்தை அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது திடீரென்று அடுத்த மாதம் லீக் என்று அறிவித்திருந்தார்கள். கோழிக்கோட்டு கிளப் ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பெயரைப் பதிய வேண்டும். அதற்கு மாவட்டச் செயலாளரின் தடையில்லாச் சான்று வேண்டும். மனு கொடுத்துப் பதினைந்து நாளாகிவிட்டது. சார் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் மூன்றாவது முறை தேர்வானதற்காகத் தாண்டவராயனுக்கு ஞாயிற்றுக்கிழமை செஞ்சியில் பாராட்டு விழா என்று சேதி வந்தது. மன்றத்துக்காரர்கள் கடையில் கூடினார்கள். அவர் கார் திரும்பும் கூட்டு ரோட்டில் ஒரு கண்டன பேனர் கட்டுவது என்று முடிவானது. 'பந்தைப் புதைத்தவருக்குப் பாராட்டா?' என்ற வாசகத்தைப் பீமாராவே எழுதினார். எழுத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதும் முதலில் அவர் எண்ணம்தான்.

"மூஞ்சி இல்லாமயா?" என்றான் வெற்றிவேல். மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எடை போடுகிறவன், மன்றத்தின் செயலாளர். "மூஞ்சி இல்லன்னா அது மொட்டைக் கடுதாசிண்ணே. நாம இன்னா திருட்டு வேலையா பண்றோம்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே எல்லாருக்கும் பட்டது. செஞ்சியில் முகம் இல்லாமல் ஃப்ளெக்ஸ் கிடையாது. காதுகுத்தோ, மஞ்சள் நீராட்டோ, கண்ணீர் அஞ்சலியோ, கீழே வரிசையாக முகங்கள் வந்தாக வேண்டும். செத்தவர் படம் கொஞ்சம் சின்னதாகப் போனாலும் பொறுத்துக்கொள்வார்கள். அஞ்சலி செலுத்துகிறவன் படம் சின்னதாகிவிட்டால் கடைக்கு வந்து சண்டை பிடிப்பான். பீமாராவ் பதினாறு வருடமாக இந்த முகங்களை ஒட்டித்தான் சோறு தின்கிறார்.

முப்பத்திரண்டு முகங்களையும் அடிவரிசையில் அடுக்கினார். நடுவில் பெரிய வெற்றிடம் இருந்தது. பேனர் என்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்று அவருடைய கை பழகியிருந்தது. சுவாதி வலது மூலைக்குப் பாய்ந்து பந்தைப் பிடிக்கிற படம் கம்ப்யூட்டரில் இருந்தது. எடுத்து வைத்தார். 'செஞ்சியின் சிங்கம் சுவாதி' என்று மஞ்சள் எழுத்தில் போட்டார். பார்க்கப் பார்க்க அவருக்கே மார்பு விரிந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஞாயிறு காலையில் பேனரைக் கட்டினார்கள். கூட்டு ரோட்டில் கொய்யாப்பழம் விற்கிற மீனம்பாள், "கொஞ்சம் எறக்கிக் கட்டுப்பா, எனக்கும் நெழலாவும்," என்றாள். இறக்கித்தான் கட்டினார்கள்.

பத்து மணிக்குத் தாண்டவராயனின் கார் வந்து நின்றது. பேனருக்கு எதிரே மன்றம் முழுக்கக் கறுப்புத் துணியோடு நின்றது. இறங்குவார், கத்துவார், போலீசைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் இறங்கினார். பேனரை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு பீமாராவ் தோளில் கைபோட்டுச் சிரித்தார்.

"ஒம் மேல எனக்குக் கோபமே இல்ல தம்பி. நீ ரசிகன். ரசிகன் திட்டுனா அது பாசம். ஆனா அந்தப் பொண்ணு ரசிகை இல்லியே. சங்கத்துல பதிவு பண்ண பிளேயர். பிளேயர் சங்கத்த எதுத்துப் பேனர் போட்டா அதுக்கு வேற ரூல் இருக்குது."

"அவளுக்குத் தெரியாதுங்க. நான்தான் போட்டேன்," என்றார் பீமாராவ்.

"அத விசாரணையில சொல்லட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் பாராட்டு வாங்கப் போனார்.

திங்கட்கிழமை சுவாதிக்குக் கடிதம் வந்தது. ஒழுங்கு விசாரணை முடியும்வரை சான்று நிறுத்தி வைக்கப்படுகிறது. விசாரணைக்குழு இரண்டு மாதம் கழித்துக் கூடும். சான்றுக்குப் பதினைந்து நாள் கையெழுத்துப் போட முடியாத கை, இந்தக் கடிதத்துக்கு ஒரே ராத்திரியில் போட்டிருந்தது. சீ, இந்தக் கையைப் பிடித்தா மேடையில் குலுக்கினார்கள்!

சுவாதி கடிதத்தோடு கடைக்கு வந்தாள். கத்துவாள் என்று பயந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன ஒரு வார்த்த கேட்டியா மாமா?"

"ஒனக்காகத்தான் பாப்பா..."

"அவங்களும் ஒம்போது மாசமா எங்கள ஒண்ணும் கேக்கல. லீக்க நிறுத்தறப்பவும் கேக்கல, தேதி வெக்கறப்பவும் கேக்கல. ஆம்பளைங்க ஜெர்சிய வெட்டிச் சின்னதாக்கிக் குடுத்தப்பவும் கேக்கல. நீயும் கேக்கல. இப்ப நான் யார் மேல கோவப்படறது?"

பீமாராவ் மவுசை நகர்த்திக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கெழமைக்குள்ள எதனா பண்ணு," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே பீமாராவ் தாண்டவராயனின் கல்யாண மண்டபத்துக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். வெங்காயம் உரிக்கிற பெண்கள் அவரைச் சமையல் ஆள் என்று நினைத்து, அண்டா எங்கே வைப்பது என்று கேட்டார்கள். தாண்டவராயன் கடைசியில் வந்து, காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

"அதே எடம், அதே சைஸ்," என்றார். "அதே முப்பத்திரண்டு பேரு. நடுவுல நான். பக்கத்துல அந்தப் பொண்ணு. ரசிகர்கள் நன்றின்னு போட்டுடு. அந்தப் போட்டோவ மேல அனுப்பிட்டு அஞ்சு நிமிஷத்துல சைன் பண்ணிடறேன். மேல ஒன் பேனரப் பாத்துக் கொஞ்சம் டென்ஷன் ஆயிட்டாங்க தம்பி. எனக்கு இல்ல."

பீமாராவ் திரும்பி வரும் வழியெல்லாம் மன்றத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு வந்தார். ஒருத்தனாவது என் முகத்தைப் போடாதே என்று சொல்லுவான், சொல்ல வேண்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டார். முதலில் வெற்றிவேலுக்குப் போன் போட்டார்.

அவன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். பிறகு, "சுவாதிக்காகத்தானேண்ணே, போடுங்க," என்றான். அது நல்ல மனசு என்றே பீமாராவ் எடுத்துக்கொண்டார். அடுத்த நொடியே அவன், "அப்டியே என் போட்டோவ மட்டும் மாத்திடுங்கண்ணே. மொதப் பேனர்ல கண்ணு மூடியிருக்குது," என்றான்.

பகல் முழுக்கப் போன் வந்தது. ஒருவன் கூலிங்கிளாஸ் படம் அனுப்பினான். ஒருவன் தாண்டவராயனுக்கு நேர் கீழே தன்னை வைக்க முடியுமா என்று கேட்டான். முந்தாநாள் கறுப்புத் துணி கட்டித் தொண்டை கிழியக் கத்தின வாய்கள் இவை. மாட்டேன் என்று ஒரு வாய் சொல்லவில்லை. அட, பீமாராவும்தான் சொல்லவில்லை. அவர் தன் படத்தை எடுத்துவிட நினைத்தார். அதே முப்பத்திரண்டு என்று சொன்னது நினைவுக்கு வந்து, விட்டுவிட்டார்.

சுவாதி கும்பிடுகிற மாதிரி ஒரு படம் அவரிடம் இல்லை. அவள் படம் எல்லாவற்றிலும் கையுறை போட்டுக்கொண்டு எதையாவது தடுத்துக்கொண்டிருந்தாள். போன தேர்தலில் நின்ற ஒரு அம்மாவின் கும்பிட்ட கைகளை மணிக்கட்டோடு வெட்டி எடுத்துச் சுவாதியின் உடம்பில் ஒட்டினார். நிறம் சேரவில்லை. கொஞ்சம் கறுப்பாக்கினார். அந்த அம்மாவின் கல்வளையல் மட்டும் போகவில்லை. நேரம் இல்லை என்று அப்படியே பிரிண்டுக்குப் போட்டார்.

புதன்கிழமை தாண்டவராயன் வந்து பேனரின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அது தேசியச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஏறிவிட்டது. 'கிராமப்புற ரசிகர்களின் பேராதரவு' என்று போட்டிருந்தார்கள். சான்றும் சொன்னபடி வந்தது. மங்கை கடைக்கே வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சுவாதி கோழிக்கோட்டுக்குக் கிளம்பினாள். விழுப்புரம் பஸ்ஸைக் கூட்டு ரோட்டிலேயே பிடிக்கலாம் என்று பையோடு வந்து நின்றாள். பீமாராவ் கூட நின்றார். அவள் அண்ணாந்து பேனரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மாமா, இந்தக் கை யாருது?"

அவர் அந்தக் கல்வளையலைப் பார்த்தார்.

"என் கை கூட ஒனக்கு வேணாமாயிடுச்சா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்போது அவளுடைய போனில் ஏதோ வந்தது. படித்துவிட்டு அவரிடம் நீட்டினாள். கோழிக்கோட்டு கிளப் அனுப்பியிருந்தது, தேசியச் சங்கத்தின் அறிவிப்பு. நிர்வாகக் காரணங்களால் பெண்கள் லீக் தேதி குறிப்பிடாமல் தள்ளி வைக்கப்படுகிறது. இரண்டே வரி. மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. கீழே செயற்குழுவின் பெயர்கள் மட்டும் ஒன்று விடாமல் இருந்தன. ஏழாவது பெயர் தாண்டவராயன். நேற்று இங்கே நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்தபோதே அவருக்கு இது தெரிந்திருக்கும்.

"வா பாப்பா, ஊட்டுக்குப் போலாம்," என்றார் பீமாராவ், பையை வாங்கப் போனபடி.

அவள் பையை விடவில்லை. "ஆட்டம் இல்லன்னாலும் அங்க பிராக்டிஸ் இருக்குமாம். ஹாஸ்டல்ல சோறு போடுவாங்க. நான் போறேன். இங்க இருந்தா தெனம் இந்தப் பேனருக்கு அடியிலதான் போயி வரணும்."

பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பஸ் கோட்டை மலையைத் தாண்டி மறைகிறவரை பீமாராவ் கையை ஆட்டவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

பிறகு பேனரைப் பார்த்தார். தாண்டவராயனின் பல் தெரிகிற சிரிப்பு பத்தடி உயரத்தில் இருந்தது. கீழ் வரிசைதான் கைக்கும் வாய்க்கும் கிட்டத்தில் இருந்தது. முன்னால் ஒரு அடி வைத்து, காறித் துப்பினார்.

மீனம்பாள் கொய்யாக் கூடையை இழுத்து நகர்த்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாய்யா இது, ஒன் மூஞ்சி மேலயே துப்பிகினு நிக்கிற?"

"எனக்கு எட்டறது இதான்க்கா," என்றார் பீமாராவ்.