முதல் வரிசைப் பீப்பாய்கள்

அந்த யுரேனிய ஆலையில் குத்தூசி என்றால் தெரியாத ஆள் கிடையாது. கழிவைப் புதைக்கும் குழிக்கு அவர்தான் ஆய்வாளர். ஆளுயர இரும்புக் கம்பி ஒன்று எப்போதும் கையில் இருக்கும். கண்ட இடத்தில் குத்திப் பார்ப்பார். வீட்டுக்குப் புது மெத்தை வந்தபோதுகூட மூன்று இடத்தில் குத்திப் பார்த்த பிறகுதான் படுத்தார் என்று அவர் மனைவியே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

குழியோ சாதாரணக் குழி அல்ல. இந்த முனையில் ஒருவன் தும்மினால் அந்த முனையில் இருப்பவன் மறுநாள் காலையில்தான் ‘நூறு ஆயுசு’ சொல்வான். அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் ஆலை கக்கிய சாம்பல் நிறக் கசடு. அதற்கும் மேல், வெளியிடங்களிலிருந்து வந்து இறங்கும் கதிரியக்கக் குப்பைப் பீப்பாய்கள். பீப்பாயில் குப்பை முக்கால்வாசிதான் இருக்கும்; மீதி இடத்தை மணற்குழம்பு ஊற்றி முட்ட நிரப்பிய பிறகே களிமண் போட்டு மூட வேண்டும். நிரப்பாமல் மூடினால் மேலே ஓடும் ரோலரின் கனத்தில் பீப்பாய் நசுங்கும், மண் உள்வாங்கும், மழைத் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்காது, பள்ளத்தில் இருக்கும் கிணறுகளைத் தேடிப் போய்விடும். குழியில் வேலை செய்யும் ஆறு பேரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பார்கள்.

அந்த ஆறு பேருக்கும் மேஸ்திரியாக இருந்தவர் குத்தூசியின் தங்கை கணவர்.

மூன்று வாரத்துக்கு முன் பீப்பாய் வரிசைகளைப் பார்த்து, ‘வெற்றிடம் இல்லை’ என்று குத்தூசி கையெழுத்துப் போட்டிருந்தார். அதன்மேல் களிமண் போட்டு உருட்டியாகிவிட்டது. முந்தின நாள் பெய்த மழை ஓய்ந்திருக்க, இன்று களிமண் மூடியைப் பார்த்துக் கடைசிக் கையெழுத்துப் போட வந்தார். மூடி ஆமை ஓடு மாதிரி நடுவில் உயர்ந்திருக்க வேண்டும். நடுவிலோ ஒரு வாத்துக் குடும்பம் பேரன் பேத்தி எடுக்கும் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது.

“மாப்ள, அது என்னது?”

“தண்ணி, மச்சான்.”

“அது எனக்கும் தெரியுது. ஏன் நிக்குது?”

“மழை பெஞ்சா நிக்கும். பின்ன என்ன, பஸ் புடிச்சா போகும்?”

குத்தூசி சிரிக்கவில்லை. கரைவரை நடந்து கம்பியை ஊன்றினார். கெட்டித்த களிமண்ணில் அது கட்டைவிரல் ஆழம்கூட இறங்கக் கூடாது. முழங்கை ஆழம் இறங்கியது.  கம்பியை மெதுவாக உருவி, நாலடி தள்ளிக் குத்தினார். அங்கேயும் அதே கதை.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தக் காலை அப்படியே கண்முன் வந்தது. அவருக்கு மூட்டு வலி. சரிவிலிருந்து முதல் வரிசைவரை ஆட்கள் பலகை போட்டு வைத்திருந்தார்கள். உட்கார ஒரு முக்காலி வேறு. மகாராஜாகூட அப்படி ஒரு வரவேற்பைப் பார்த்திருக்க மாட்டார். கம்பியால் பன்னிரண்டு பீப்பாய்களைத் தட்டினார். பன்னிரண்டும் ‘தொப் தொப்’ என்று, மூக்கு முட்டத் தின்றவன் வயிறு மாதிரி சத்தம் கொடுத்தன. “அதுக்கு அந்தாண்டை ஏன் மச்சான் நொண்டிக்கிட்டு போறீங்க, எல்லாம் ஒரே கையி ஊத்துனதுதானே” என்றார் மேஸ்திரி. குத்தூசியும் போகவில்லை.

“பின்னாடி வரிசைக்கெல்லாம் குழம்பு ஊத்துனீங்களா இல்லியா?”

மேஸ்திரி சட்டைப் பையில் மாட்டியிருந்த பேட்ஜைத் தடவினார். உடம்பில் ஏறும் கதிரைக் கணக்கெடுக்கும் பேட்ஜ் அது. வருட அளவு நிறைந்துவிட்டால் ஆளைக் குழிப்பக்கமே விடமாட்டார்கள்.

“ஒரு பீப்பாவ முட்ட நிரப்ப அது பக்கத்துல பத்து நிமிசம் நிக்கணும். நீங்க முக்காலியில உக்காந்து தட்டிட்டுப் போயிருவீங்க. பசங்க நிக்கணுமே. ரெண்டு பேருக்கு ஏற்கெனவே நெறஞ்சு போச்சு, ஆபீசுல சொல்லல. அதான் அரைகுறையா ஊத்திட்டு நகருங்கடான்னேன்.”

“என் கால் வலிய வச்சே என்னைக் கவுத்துட்டியே மாப்ள.”

“கவுக்கணும்னு செய்யல. பலகை போட்டது நெசமாவே உங்க காலுக்குத்தான்.”

அதுதான் குத்தூசிக்கு இன்னும் வலித்தது.

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு வண்டி களிமண் அடிச்சு மேடாக்கிடுறேன். சாயங்காலத்துக்குள்ள ஆமை முதுகாட்டம் ஆயிரும். எழுதாதீங்க மச்சான். நீங்க எழுதுனா இத முழுக்கத் தோண்டச் சொல்லுவாங்க. யாரு தோண்டுவா? வெளியாளுக்கு எது நெறஞ்சது, எது காலின்னு என்ன தெரியும்? வழி காட்ட என்னைத்தான் உள்ள எறக்குவாங்க. எனக்கும் அளவு தொட்டுக்கிட்டு நிக்குது. உங்க தங்கச்சி கேட்டா என்ன சொல்றது?”

குத்தூசி தான் வந்த வண்டியின் படியில் போய் உட்கார்ந்தார். எழுதினால் தங்கை கணவரைத் தன் கையாலேயே குழியில் இறக்கியது போலாகும். எழுதாவிட்டால் தண்ணீர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடும். தங்கையின் முகமும் முகம் தெரியாத ஏதோ ஒரு வீட்டுக் குடமும் மாறி மாறி வந்து அவரைப் பிடுங்கின.

படிவத்தைத் தொடைமேல் வைத்து எழுத ஆரம்பித்தார். மேஸ்திரி எட்டிப் பார்த்தார். ‘ஆய்வாளர் முதல் வரிசைக்கு அப்பால் நடக்கவில்லை’ என்பதுதான் முதல் வரி.

“என்ன மச்சான், உங்களையே முதல்ல போட்டுக்கிறீங்க? வேலை போயிரும்.”

“போவட்டும். வீட்ல மெத்தையக் குத்திக்கிட்டு கெடக்குறேன். உன் பசங்க பேட்ஜையும் அடுத்த வரியில எழுதுறேன், உன்னதையும் சேத்து. உங்க ஏழு பேர்ல ஒருத்தனும் இனிமே எறங்கக் கூடாதுன்னு.”

“அப்ப எடத்த யாரு காட்டுவா?”

“நீதான், இப்பவே, கதிர மறைச்சு மண்ணு மூடியிருக்கிறப்பவே. மேல நடந்து கொடி நட்டுக் குடு. அப்புறம் உன்னைக் கூப்பிடுறதுக்கு ஒரு வேலையும் இருக்காது.” குத்தூசி வண்டியிலிருந்து சிவப்புக் கொடிக் கட்டை எடுத்துவந்தார். அதில் ஐம்பது கொடிகள் இருந்தன. “காலியா வுட்டது எந்தெந்த எடம்?”

மேஸ்திரி கொடிகளை வாங்கிக்கொண்டு, குழியின் அந்தக் கோடிவரை கையை நீட்டிக் காட்டினார்.

“நீங்க நடக்காத எடம் எல்லாம்.”

குத்தூசி கம்பியை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி முன்னால் போனார். மேஸ்திரி பின்னால் ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டே வந்தார். ஐந்தாவது வரிசை பாதியில் கட்டு தீர்ந்துவிட்டது. மேஸ்திரி நிமிர்ந்து, மிச்ச வரிசைகளை வாய்க்குள் எண்ணிவிட்டு, ஸ்டோருக்கு ஆளனுப்பச் சரிவின்மேல் ஏறினார்.